தகட்டில் வைத்த பொட்டு

காத்தோங்கில் சிலோன் சாலையில், செண்பக விநாயகர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஏதேனும் ஒரு கார் நின்றிருந்தால், உரியவரிடம் சொல்லிவிட்டு அதன் கதவைத் திறந்து பாருங்கள். கதவு வந்து பொருந்தும் சட்டத்தைச் சுற்றி ஒரு ரப்பர்ப் பட்டை ஓடும. அதைச் சிறிது விலக்கினால் தகட்டின் ஓரத்தில், விரல் நகத்தில் பாதியளவு அகலமுள்ள வட்டப் பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். வண்ணம் பூசிய பிறகும் அவை மறைவதில்லை. ஒரு காரின் உடலில் இத்தகைய பள்ளங்கள் 3,000 முதல் 5,000 வரை இருக்கும். காரைக் காராக நிறுத்தி வைத்திருப்பவை திருகாணிகளல்ல, இந்தப் பள்ளங்களே.

நேயர்களே, தொழிற்சாலையில் வேலை செய்வோர் இதை ஸ்பாட் வெல்டிங் என்றே சொல்வார்கள். நம் நூல்கள் புள்ளிப் பற்றவைப்பு என்று எழுதுகின்றன. நமக்கோ பொட்டு என்ற சொல்லே பொருத்தமாகப் படுகிறது. இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பிடித்து, ஒரு நொடிக்குள் அவற்றின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிடுவதுதான் அந்த வேலை. சிங்கப்பூரில் இந்தப் பொட்டு வைக்கும் தொழில் எப்படி வந்தது, எப்படி வளர்ந்தது, எப்படிப் போயிற்று என்பதையே இன்று நாம் பார்க்கப்போகிறோம்.

இதைக் காத்தோங்கிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இன்று காத்தோங்கில் நிற்பவருக்குக் கடல் தெரிவதில்லை. 1966-இல் தொடங்கிய கிழக்குக் கரை நில மீட்புப் பணி கடலை வெகுதூரம் தள்ளிவிட்டது. மரீன் பரேட்டின் அடுக்குமாடி வீடுகள் நிற்பதெல்லாம் முன்பு அலையடித்த இடம். அதற்கு முன் காத்தோங் என்றால் தென்னந்தோப்பும், மணற்கரையும், கரையை ஒட்டிய பங்களாக்களும்தான். நகரத்தில் அலுவல் பார்த்துவிட்டு மாலையில் கடற்காற்று வாங்க வீடு திரும்பும் வசதி படைத்தவர்களின் ஊராக அது வளர்ந்தது. குதிரை வண்டியை நம்பியிருந்தவரை அது சிலருக்கே இயன்றது. ஊர் பெருகியதில் மோட்டார் காருக்குப் பெரும்பங்கு உண்டு.

சிங்கப்பூருக்கு முதல் கார் வந்திறங்கியது 1896-இல். பழைய சிங்கப்பூரைப் பற்றிய புகழ்பெற்ற நூலை எழுதிய வழக்கறிஞர் சார்ல்ஸ் பர்ட்டன் பக்லி வைத்திருந்த பென்ஸ் வண்டிக்குக் ‘காப்பி மெஷின்’ என்று பெயர் வழங்கியது. அது எழுப்பிய சத்தத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அக்காலக் கார்களின் உடல் பெரும்பாலும் மரத்தால் ஆனது. குதிரை வண்டி செய்த தச்சரும் கொல்லருமே கார் உடலையும் செய்தார்கள். மரச்சட்டம் கட்டி, அதன்மேல் தகட்டை அடித்து ஆணி இறக்குவார்கள். வண்ணம் காய்வதற்கு மட்டும் பல நாட்கள் பிடிக்கும். இந்த முறையில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கார்களைச் செய்ய முடியாது. அதை முடியச் செய்தது பொட்டு.

அது கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவையானது. 1877-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிராங்ளின் நிறுவனத்தில் எலிஹு தாம்சன் என்ற இளைஞர் மின்சாரம் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அப்போது செய்துகாட்டிய ஒரு சோதனையில், தடித்த கம்பிச் சுருளின் இரு நுனிகள் ஒன்றையொன்று தொட்டவாறு இருந்தன. மின்சாரம் பாய்ந்ததும் அவை ஒட்டிக்கொண்டன. வேறொருவராக இருந்தால் கம்பி கெட்டுவிட்டதென்று வெட்டி எறிந்திருப்பார். தாம்சன் அதை மனத்தில் வைத்துக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்து அதையே ஒரு முறையாக வளர்த்து 1886-இல் காப்புரிமை பெற்றார். மின்தடைப் பற்றவைப்பு என்பது இதுதான்.

இதன் தத்துவம் எளியது. மின்சாரம் ஒரு பொருளின் வழியே செல்லும்போது எங்கே தடை மிகுதியோ அங்கே சூடு மிகுதி. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியும் இப்படியே சூடாகிறது. இரண்டு எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலும் கீழும் செம்பு முனைகளால் அழுத்தி மின்சாரம் செலுத்தினால், செம்பு எளிதில் கடத்திவிடுகிறது. தகடுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் தடை அதிகம். எனவே வெளிப்புறம் உருகுமுன் உட்புறம் உருகுகிறது. ஒரு துவரம்பருப்பளவு எஃகு இரு தகடுகளுக்கும் நடுவே உருகி, மின்சாரம் நின்றதும் உறைந்து, இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஈயப்பற்றோ கம்பியோ எதுவும் சேர்ப்பதில்லை. தகடே தனக்குப் பசையாகிறது.

அளவுகளைச் சொன்னால் வியப்பாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரு தகடுகளை ஒட்டுவதற்குச் சுமார் 9,000 முதல் 10,000 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். ஓர் இஸ்திரிப் பெட்டி இழுப்பது ஏறத்தாழ 5 ஆம்பியர். அப்படியானால் 2,000 இஸ்திரிப் பெட்டிகளின் மின்னோட்டம் ஒரு பருப்பளவு இடத்தில் பாய்கிறது. ஆனால் மின்னழுத்தம் சில வோல்ட்டுகள்தான். பெரிய மின்மாற்றி ஒன்று வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டித் தருகிறது. முனைகளின் அழுத்தம் 200 கிலோவுக்கு மேல். இவ்வளவும் நடந்து முடியும் நேரம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. செம்பு முனை உருகாமலிருக்க அதன் உள்ளே ஓயாமல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த முறையைக் கார்த்தொழிலுக்குள் கொண்டுவந்தவர் எட்வர்ட் பட். 1912-இல் பிலடெல்பியாவில் தம் தொழிற்சாலையைத் தொடங்கி, மரமே இல்லாத முழு எஃகு உடலைச் செய்யத் துணிந்தார். டாட்ஜ் சகோதரர்கள் 1914-இல் வெளியிட்ட காருக்கு அவருடைய எஃகு உடல்களை வாங்கினார்கள். பின்னர் பட் நிறுவனம் துருப்பிடிக்காத எஃகையும் பொட்டு வைத்து ஒட்டக் கற்று, 1934-இல் செஃபிர் என்னும் புகைவண்டியைச் செய்தது. அது டென்வரிலிருந்து சிக்காகோவரை ஆயிரம் மைலுக்கு மேலான தொலைவை ஒரே பகலில் ஓடியதை அமெரிக்கர்கள் நெடுங்காலம் பேசினார்கள். தச்சர் பத்து நாள் செய்த வேலையை அச்சு இயந்திரமும் பொட்டுமாகச் சில மணிகளில் முடித்துவிட்டன.

வேலை எளிதாகிவிட்டதென்று எண்ணிவிடக் கூடாது. மின்சாரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்பதை இயந்திரம் வைத்துக்கொள்கிறது. மீதியெல்லாம் ஆள் செய்ய வேண்டியது. மேலே தண்டவாளத்திலிருந்து தொங்கும் பற்றவைப்புக் கருவிக்குத் தொழிலாளர் வைத்த பெயர் ‘கன்’. அதன் எடையைச் சுருள்வில் தாங்கினாலும், அதை இழுத்து, திருப்பி, தகட்டின் ஓரத்திற்குச் செங்குத்தாக நிறுத்துவது தோளும் மணிக்கட்டும்தான். விரற்பருமனைவிடப் பன்மடங்கு தடித்த கேபிள், உள்ளே தண்ணீரோடு, கூடவே வரும். சாய்வாகப் பிடித்தால் பொட்டு ஒருபுறம் மட்டும் பற்றும். தகடுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் உருகிய எஃகு பொறியாகத் தெறித்து வெளியேறும். வேடிக்கை பார்ப்பவர்க்கு அது மத்தாப்பு. தெரிந்தவர்க்கோ, பொட்டுக்குள் இருக்கவேண்டிய எஃகு வெளியே போய்விட்டது என்ற செய்தி. ஒரு பொட்டுக்கு மிக அருகே அடுத்த பொட்டை வைத்தாலும் கெடும். முன்னே வைத்த பொட்டு வழி எளிதாகக் கிடைப்பதால் மின்சாரத்தில் ஒரு பங்கு அப்பக்கம் திரும்பிப் போய்விடும். பக்கத்து வயல்காரர் மடையைத் திறந்துவிட்டால் நம் வயலுக்குத் தண்ணீர் குறைவதுபோலத்தான் இது.

எல்லாவற்றிலும் முக்கியமானது செம்பு முனையின் கூர்மை. நூற்றுக்கணக்கான தடவை அழுத்தியபின் முனை நசுங்கிக் காளான்போல் விரிந்துவிடும். அப்போது அதே மின்சாரம் அகன்ற இடத்தில் பரவி, உள்ளே எஃகு உருகாமல் வெறும் சூடாகி நின்றுவிடுகிறது. வெளியிலோ வட்டப் பள்ளம் முன்போலவே விழும். நல்ல பொட்டும் கெட்ட பொட்டும் பார்வைக்கு ஒன்றே. ஆகவே எப்போது முனையைத் தீட்ட வேண்டும், எப்போது மாற்ற வேண்டும் என்பது வேலையாளின் நேர்மையைப் பொறுத்தது. சோதிப்பதற்கு ஒரு பழைய வழி உண்டு. இரு தகடுகளுக்கும் நடுவே உளியை வைத்து அடிப்பார்கள். பொட்டு நல்லதாக இருந்தால் அது விடாது. சுற்றியுள்ள தகடு கிழிந்து ஓட்டை விழும். கெட்டதாக இருந்தால் உறையைப் பிரிப்பதுபோல் பிரிந்துவந்துவிடும். ஆனால் எல்லாப் பொட்டையும் உளியால் அடித்துப் பார்த்தால் விற்பதற்குக் கார் இருக்காது. ஆயிரத்தில் ஒன்றைச் சோதித்து மற்றவற்றை நம்பத்தான் வேண்டும். அந்த நம்பிக்கைக்குரியவர் சம்பளப் பட்டியலில் பெரும்பாலும் அரைத்திறன் தொழிலாளி என்றே எழுதப்பட்டார். சில நாட்களில் கற்றுக்கொள்ளலாம் என்பது அதற்குச் சொன்ன காரணம். கற்றுக்கொள்வது சில நாட்கள் என்பது உண்மை. நாள் முழுவதும், ஆண்டு முழுவதும், ஒரு பொட்டும் தவறாமல் வைப்பது வேறு.

காத்தோங்கின் மேற்கு ஓரத்தில் தஞ்சோங் ரூ இருக்கிறது. அங்கே தார்னிகிராஃப்ட் கப்பற்பட்டறை இருந்தது. சிங்கப்பூர்க் கடற்படையின் முதல் விரைவுச் சுற்றுக்காவல் படகுகளில் பெரும்பாலானவை அங்கே கட்டப்பட்டன. அங்கே நடந்தது வில் பற்றவைப்பு. முகமூடி அணிந்து கம்பியை உருக்கி மூட்டை நிரப்பும் வேலை அது. அந்தப் பற்றவைப்பாளரின் கைத்திறன் மூட்டிலேயே தெரியும். நல்லவர் போட்ட மூட்டை மற்றவர் நின்று பார்ப்பார்கள். பொட்டு வைத்தவரின் திறமையோ தகட்டுக்குள் ஒளிந்துகொண்டது. இரண்டும் வெல்டிங் என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் ஒன்றுக்குக் கிடைத்த மதிப்பு மற்றதற்குக் கிடைக்கவில்லை. இது நியாயமென்று நமக்குத் தோன்றவில்லை.

இனிச் சிங்கப்பூரின் கார்த்தொழிலுக்கு வருவோம். கனடா ஃபோர்டு நிறுவனத்தின் கிளையாக மலேயா ஃபோர்டு மோட்டார் கம்பெனி 1926-இல் சிங்கப்பூரில் பதிவாயிற்று. எங்கோர் தெருவில் ஒரு கட்டடத்தில் வேலை தொடங்கியது. பின்னர் புக்கிட் தீமாவில் பெரிய தொழிற்சாலை எழுந்து 1941 அக்டோபரில் முடிந்தது. தென்கிழக்காசியாவின் முதல் கார் பொருத்தும் தொழிற்சாலை என்று அதைச் சொல்வார்கள். முடிந்து இரண்டு மாதத்தில் போர் வந்தது. ஆகாயப்படைக்கு வேண்டிய போர் விமானங்களை அங்கே பொருத்தினார்கள். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் அந்தத் தொழிற்சாலையின் ஓர் அறையில்தான் பெர்சிவல், யமஷிட்டாவிடம் சரணடைந்தார். ஜப்பானியர் காலத்தில் நிஸ்ஸான் நிறுவனத்தின் கையில் அது இராணுவ வண்டிகளைப் பொருத்தியது. போருக்குப்பின் 1947-இல் மறுபடி ஃபோர்டு கார்கள் வெளிவரத் தொடங்கின.

பொருத்துதல் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் அச்சடித்த தகடுகளும், இயந்திரமும், சக்கரமும், கண்ணாடியும் தனித்தனியே மரப்பெட்டிகளில் கப்பலேறி வரும். சி.கே.டி. என்று இதைச் சொல்வார்கள். முழுக்கப் பிரித்த நிலை என்பது பொருள். இப்படி வரும் காரில் எவ்வளவை இங்கே செய்வது என்பதற்குப் பல படிகள் உண்டு. திருகாணி முடுக்கிச் சக்கரம் மாட்டுவது அடிப்படி. தகடுகளை ஜிக் என்னும் சட்டத்தில் அமர்த்தி, பொட்டு வைத்து, உடலையே உருவாக்கி, வண்ணம் பூசுவது அதற்கு மேற்பட்ட படி. ஒரு நாட்டில் பொட்டு வைக்கும் வரிசை நிற்கிறதா இல்லையா என்று கேட்டாலே, அங்கே கார் பூட்டப்படுகிறதா, உடல் செய்யப்படுகிறதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

1960-களில் இந்தத் தொழிலுக்கு அரசியல் பின்னணி அமைந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்த காலம். ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய டச்சுப் பொருளியலறிஞர் ஆல்பர்ட் வின்செமியஸ் தலைமையிலான குழு தொழில் வளர்ச்சித் திட்டம் ஒன்றைத் தந்தது. 1961-இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தது. ஜூரோங்கின் சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை எழுந்தது. மலேசியாவோடு சேர்ந்தால் பொதுச் சந்தை கிடைக்கும், அத்தனை பேருக்கும் இங்கிருந்தே பொருள் செய்து அனுப்பலாம் என்பது கணக்கு. முழுதாகச் செய்து வரும் கார்களுக்கு வரிச்சுமை, பிரித்து வருபவற்றுக்குச் சலுகை என்ற பாதுகாப்பில் கார் பொருத்தும் தொழில் பெருகியது. சைக்கிள் அண்ட் கேரேஜ் நிறுவனம் ஹில்வியூவில் 1965-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களைப் பொருத்தத் தொடங்கியது. அதே 1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. பொதுச் சந்தை கனவாய்ப் போயிற்று. அங்கே மலேசியா, ஷா ஆலமில் 1967-இல் தன் சொந்தக் கார் பொருத்தும் ஆலையைத் தொடங்கிவிட்டது. ஏறத்தாழ இருபது இலட்சம் மக்களே உள்ள நாட்டில் கார் செய்வது எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும். எழுந்தாலும், வேலை தேடி நிற்கும் இளைஞர்களை வைத்துக்கொண்டு அதை உரக்கக் கேட்க எவருக்கும் மனம் வந்திராது.

அந்த இளைஞர்களுக்குத் தொழில் கற்பிக்கும் முயற்சியில் காத்தோங்கிற்கு ஓர் இடம் உண்டு. 1956-இல் இங்கே தஞ்சோங் காத்தோங் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி தொடங்கப்பட்டது. அத்தகைய பள்ளிகளில் சிங்கப்பூரின் முன்னோடி அது. இன்றைய தஞ்சோங் காத்தோங் உயர்நிலைப்பள்ளி அதன் வழிவந்ததே. எழுத்தர் வேலைதான் வேலை என்று எண்ணிய பெற்றோர்கள் நிறைந்த ஊரில், உலோக வேலையையும் வரைபடத்தையும் பாடமாக வைத்த பள்ளி என்பது சிறிய செய்தியன்று. நம் தமிழ்க் குடும்பங்களிலும் அந்த எண்ணம் ஆழமாக வேரூன்றியிருந்தது. சிலோன் தமிழர்கள் பெரும்பாலும் அலுவலக உத்தியோகத்திற்காக இங்கே வந்தவர்கள். மகன் கையில் எண்ணெய்க் கறையோடு வீடு திரும்புவதை எத்தனை தாய்மார்கள் விரும்பியிருப்பார்கள்? 1968-இல் பிரிட்டன் தன் படைத்தளங்களை மூடப்போவதாக அறிவித்ததும் நிலைமை அவசரமாயிற்று. 1969 முதல் உயர்நிலைக் கீழ்வகுப்புகளில் எல்லா மாணவரும், மாணவியரில் பாதிப்பேரும் தொழில்நுட்பப் பாடம் படிக்க வேண்டுமென்று விதி வந்தது. அரம் பிடித்துத் தகட்டை ராவிய தலைமுறை ஒன்று இப்படி உருவாயிற்று. 1972-இல் அரசாங்கம் ஒரு தனியார் நிறுவனத்தோடு கூட்டாக முதல் பயிற்சி நிலையத்தை அமைத்தது. அந்த நிறுவனம் இந்தியாவின் டாட்டா என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ரோலை, பிலிப்ஸ் ஆகியவற்றோடு பின்னர் அமைந்த நிலையங்களுக்கு அதுவே வழிகாட்டி.

ஆனால் அதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஜார்ஜ் டெவால், ஜோசப் எங்கல்பெர்கர் என்ற இருவர் உருவாக்கிய யூனிமேட் என்னும் இயந்திரக் கை 1961-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையொன்றில் சூடான வார்ப்புகளை எடுத்து வைக்கும் வேலைக்கு வந்தது. 1969-இல் ஒஹாயோ மாநிலத்து லார்ட்ஸ்டவுன் ஆலையில் அத்தகைய கைகளைக் கார் உடலில் பொட்டு வைக்க நிறுத்தினார்கள். மனிதன் செய்த தொழிற்சாலை வேலைகளில் ரோபோவுக்கு மிக விரைவாகக் கைமாறியவற்றுள் ஒன்று ஸ்பாட் வெல்டிங். பொட்டின் இடம் மாறாது, நேரம் மாறாது, கனமான கருவியை ஆயிரம் தடவை தூக்கித் திருப்ப வேண்டும், இயந்திரத்துக்குத் தோள்வலி கிடையாது. தகட்டில் துத்தநாகப் பூச்சு இருந்தால் அதன் புகை நெஞ்சில் இறங்கிக் காய்ச்சல் தரும். இயந்திரம் மூச்சும் விடுவதில்லை. இந்த வேலையை மனிதனிடமிருந்து எடுத்ததற்காக மட்டும் நாம் வருந்த வேண்டியதில்லை. வருந்த வேண்டியது, எடுத்தபின் அந்த மனிதனுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

சிங்கப்பூரில் ரோபோ வந்து வேலையை எடுக்கும்வரை அது காத்திருக்கவில்லை. 1979-இல் அரசாங்கம் பொருளியலை வேறு தடத்திற்குத் திருப்பியது. தேசிய சம்பள மன்றம் மூன்று ஆண்டுகளுக்கு உயர்ந்த சம்பள ஏற்றங்களைப் பரிந்துரைத்தது. குறைந்த சம்பளத்தை நம்பி நடக்கும் தொழில்கள் தாமே விலகட்டும், கணினியும் நுண்கருவியும் வரட்டும் என்பது கொள்கை. திறன் மேம்பாட்டு நிதியும் அவ்வாண்டே அமைந்தது. கார் பொருத்தும் தொழிலுக்கு இருந்த வரிப் பாதுகாப்பு 1980-இல் நீங்கியது. அந்த ஜூன் மாதம் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலை மூடப்பட்டது.

இந்த முடிவு தவறென்று சொல்ல நம்மால் முடியாது. சிறிய சந்தைக்காக, வரியின் நிழலில், வெளியூரில் செய்ததைவிட விலை கூடிய கார்களைப் பொருத்திக்கொண்டிருப்பதால் நாட்டுக்கு வரும் நன்மை சொற்பம். காரை வாங்கியவர்கள் அந்த வேலைகளுக்கான செலவைத் தங்கள் பையிலிருந்து கொடுத்துவந்தார்கள். விலகச் சொன்ன இடத்தில் வட்டுத் தகட்டுத் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் வந்தன. ஜெர்மனி, ஜப்பான், பிரான்ஸ் நாடுகளின் துணையோடு 1980-களில் உயர்தரப் பயிற்சி நிலையங்கள் எழுந்தன. நாட்டுக் கணக்கில் வரவே மிகுதி. இருந்தாலும் அந்தக் கணக்கில் விடுபட்டுப்போன ஒரு வரி உண்டு என்பது நம் கருத்து. நாற்பது வயதைக் கடந்து, பதினைந்து ஆண்டு கன் பிடித்த ஒருவருக்குப் புதிய நிலையத்தின் நுழைவுத் தேர்வு எழுதக் கணிதமும் ஆங்கிலமும் வேண்டும். எழுத்தறிவும் எண்ணறிவும் குறைந்த தொழிலாளருக்கான அடிப்படைக் கல்வித் திட்டம் 1983-இல்தான் தொடங்கியது. ஆலை மூடி மூன்று ஆண்டுக்குப் பின். மூன்று ஆண்டு என்பது நாட்டுக்குச் சிறிய காலம். வாடகையும் பள்ளிக்கட்டணமும் கட்டுபவருக்கு அப்படியல்ல.

அந்தத் தொழிற்சாலையின் முகப்புக் கட்டடம் 2006-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சரணடைந்த அறையும், போர்க்காலக் கண்காட்சியும் அங்கே இருக்கின்றன. பள்ளி மாணவர்கள் வரிசையாகப் போய்ப் பார்க்கிறார்கள். கார்கள் பொருத்தப்பட்ட பின்புறக் கூடம் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. தளபதிகள் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்த இடம் காக்கப்பட்டிருக்கிறது. தொழிலாளர் முப்பது ஆண்டுக்கு மேல் நின்ற இடம் இல்லை. அறையின் வரலாறு பெரியதுதான். கூடத்திலும் ஒரு வரலாறு இருந்தது.

சிங்கப்பூர் விட்டுவிட்ட இந்தத் தொழிலை வேறு வகையில் பிடித்துவைத்துக்கொண்ட ஓர் ஊரையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. சென்னைப் பெரம்பூரில் 1955 அக்டோபர் 2-ஆம் நாள் நேரு திறந்துவைத்த இரயில் பெட்டித் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் துணையோடு தொடங்கியது. மரப்பெட்டிகளுக்குப் பதிலாக, முழுக்கப் பற்றவைத்த எஃகுப் பெட்டிகள் செய்வது நோக்கம். தகட்டை வளைப்பதிலிருந்து பக்கச் சுவரில் பொட்டு வைப்பதுவரை அங்கேயே கற்று அங்கேயே செய்தார்கள். வெளியூர் உதவி விலகியபின்னும் வேலை நிற்கவில்லை. 2018-இல் அங்கிருந்து வெளிவந்த ‘டிரெயின் 18’தான் பின்னர் வந்தே பாரத் என்று பெயர் பெற்றது. சந்தை பெரியது, வாங்குபவர் அரசாங்கமே என்ற இரண்டு வசதிகள் பெரம்பூருக்கு இருந்தன. சிங்கப்பூருக்கு இரண்டுமே இல்லை. எனவே ஒன்றைக் காட்டி மற்றதைக் குறைசொல்வது சரியாகாது.

அதற்காகத் தமிழ்நாட்டில் எல்லாம் நிலைத்துவிட்டது என்றும் பொருளில்லை. 1990-களில் மறைமலை நகருக்கு வந்த அதே ஃபோர்டு நிறுவனம், 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசிக் கார் அங்கிருந்து வெளிவந்தது. அதற்கு முந்திய வாரங்களில் இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்கள் ஆலைக்குள் போராடினார்கள். புக்கிட் தீமாவில் 1980-இல் நடந்ததும் மறைமலை நகரில் 2022-இல் நடந்ததும் ஒரே காரணத்தாலல்ல. வீட்டுக்குப் போய்ச் செய்தியைச் சொன்னவர்களின் நிலை மட்டும் ஒன்றாக இருந்திருக்கும்.

சிங்கப்பூரில் கார் செய்வது அத்துடன் முடிந்ததென்றே நெடுங்காலம் நினைத்தோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2023 நவம்பரில் ஜூரோங்கில் ஹூண்டாய் நிறுவனம் மின்கார் நிலையம் ஒன்றைத் திறந்தது. ஆண்டுக்கு 30,000 கார்கள்வரை செய்யக்கூடியது என்று சொன்னார்கள். நீண்ட வரிசை அங்கே இல்லை. சிறுசிறு வேலைக்கூடங்களில் கார் நிற்கிறது, பொருள்கள் அதைத் தேடி வருகின்றன. வேலைகளில் சுமார் பாதியை ரோபோக்கள் செய்கின்றன. ஆட்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு வேண்டிய கல்வி, அன்று புக்கிட் தீமாவில் கன் பிடித்தவரிடம் எவரும் கேட்டிராத கல்வி. திறப்பு விழாவுக்குச் சென்றவர்கள் ஒரு நாலுகால் இயந்திரத்தைப் பார்த்தார்கள். தொழிலாளி ஒரு பாகத்தைப் பொருத்தியதும் அது நாய்போல் நடந்துவந்து, தன் கேமராவால் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிறது. அதன் பெயர் ‘ஸ்பாட்’.